ஒரே ஒரு பாஸ்வேர்டு.. மூடப்பட்ட 158 வருட கம்பெனி! உங்கள் கடை, நிறுவனத்தின் டேட்டா பத்திரமா? முழு விவரம்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில் 1865-ல் தொடங்கப்பட்ட லாரி கம்பெனி அது. பெயர் நைட்ஸ் ஆஃப் ஓல்ட். பின்னாளில் கேஎன்பி என்ற குழுமத்தின் கீழ் வந்தது. சுமார் 500 லாரிகள், 700 ஊழியர்கள். இரண்டு உலகப் போர்களைத் தாண்டி ஓடிய அந்த கம்பெனி, 2023-ல் ஒரு சைபர் தாக்குதலுக்குப் பிறகு சில மாதங்களிலேயே இழுத்து மூடப்பட்டது.

ஹேக்கர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? ஒரு ஊழியரின் பாஸ்வேர்டு ரொம்ப எளிதாக இருந்திருக்கிறது. அதை ஊகித்து நுழைந்திருக்கலாம் என்பதுதான் பிறகு தெரியவந்தது. உள்ளே வந்ததும் கம்பெனியின் மொத்த டேட்டாவையும் பூட்டிவிட்டு பணம் கேட்டார்கள். கம்பெனியிடம் சைபர் இன்சூரன்ஸ் இருந்தது. ஆனாலும் தப்பிக்க முடியவில்லை. 'உன் பாஸ்வேர்டுதான் காரணம்' என்று அந்த ஊழியரிடம் கடைசி வரை சொல்லவே இல்லை என கம்பெனி இயக்குநர் பிபிசி-யிடம் கூறியிருந்தார். 700 பேர் வேலை போனதற்கு தான்தான் காரணம் என்று தெரிந்தால் அந்த மனுஷன் எப்படித் தூங்குவார்?

'நம்ம கடைக்கு எதுக்கு வரப்போறாங்க?'

சின்ன நிறுவனம் நடத்தும் பலரும் சொல்லும் பதில் இதுதான். 'நாலு கம்ப்யூட்டர், ஒரு டேலி, ஒரு வாட்ஸ்அப். இதுல திருட என்ன இருக்கு?'

விஷயம் என்னவென்றால், பெரும்பாலான தாக்குதல்களில் ஹேக்கர் உங்கள் பெயரைப் பார்த்து வருவதில்லை. தெருவில் நிற்கும் ஒவ்வொரு பைக்கையும் லாக் போட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துக்கொண்டே போகும் திருடனைப் போல, இன்டர்நெட்டில் உள்ள கம்ப்யூட்டர்களை புரோகிராம்கள் இரவு பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. எது திறந்திருக்கிறதோ அதற்குள் நுழைகின்றன.

2017 மே 12-ல் பரவிய வான்னாக்ரை வைரஸ் இதற்குச் சரியான உதாரணம். சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. இப்படிப் பூட்டிவிட்டு பணம் பறிக்கும் புரோகிராம்களுக்குத்தான் ரான்சம்வேர் என்று பெயர். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. இரண்டு மாதமாக அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்கள்தான் பெரும்பாலும் மாட்டின.

அப்டேட் என்றதும் இன்னொரு விஷயம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. தனியாக நீட்டிப்புத் திட்டத்தில் சேராத விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் இனி புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அது திறந்தேதான் கிடக்கும். பில் போடும் கவுன்ட்டரில் இன்னமும் விண்டோஸ் 7 ஓடுகிறதென்றால், அதற்கான அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. 'கிராக்' போட்ட சாஃப்ட்வேர்கள் பற்றி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓசியில் கிராக் செய்து கொடுப்பவர் அதற்குள் வேறு எதை வைத்துக் கொடுத்தார் என்று யாருக்குத் தெரியும்?

பாஸ்வேர்டு: எங்கே கோட்டை விடுகிறோம்?

கடையின் ஜிமெயில் பாஸ்வேர்டு முதலாளிக்கும் தெரியும், கணக்குப் பிள்ளைக்கும் தெரியும், போன வருஷம் வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும். கடை பெயர், கூடவே 123. ரவுட்டரில் 'அட்மின்' என்று வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டே இன்றைக்கும். பல இடங்களில் நிலைமை இதுதான்.

மாதா மாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் பழைய வழக்கம் இதற்குத் தீர்வு தராது. அப்படிக் கட்டாயப்படுத்தினால் ஊழியர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று, இரண்டு என்று மாற்றிக்கொண்டே போவார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் கூட, காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம் என்கிறது. நீளமான பாஸ்வேர்டு, ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி, கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்றம். இதுதான் இப்போதைய அறிவுரை.

அதைவிட முக்கியம், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். பாஸ்வேர்டு தெரிந்தாலும் போனில் வரும் இன்னொரு அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அமெரிக்காவின் பெரிய எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைன் 2021 மே மாதம் மொத்தக் குழாயையும் நிறுத்த வேண்டி வந்ததே, அதற்குக் காரணம் பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. அதில் இந்த இரண்டாவது பூட்டு இல்லை. கசிந்த பாஸ்வேர்டு ஒன்றே போதுமானதாக இருந்தது. எஸ்எம்எஸ்-ல் வரும் ஓடிபி-யைவிட கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற ஆப் பாதுகாப்பானது. சிம் கார்டை வேறொருவர் பெயர் மாற்றி வாங்கிவிட்டாலும் ஆப்பில் கை வைக்க முடியாது.

நம்ம ஊருக்கே உரிய சில ஓட்டைகளும் உண்டு. வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்பதற்காக ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைப்பது, எனிடெஸ்க்கை எப்போதும் ஆன் செய்தே வைத்திருப்பது. ரான்சம்வேர் கும்பல்கள் அதிகம் தட்டிப் பார்க்கும் கதவுகளில் இதுவும் ஒன்று. ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவான மொபைல் நம்பர் யாருடையது என்று கேட்டால் பல முதலாளிகளுக்குத் தெரியாது. பல நேரம் அது ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்த யாரோ ஒருவரின் நம்பராக இருக்கும். டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன், அதன் மேலேயே பின் நம்பர் எழுதி ஒட்டப்பட்டு, ஆடிட்டர் மேஜையில் கிடக்கும். அது உங்கள் கையெழுத்து. வெற்றுப் பேப்பரில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுத்துவிட்டு வருவீர்களா?

'பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு சார்'

ரான்சம்வேருக்கு பயப்படும் பலரும் கவனிக்காத இன்னொரு மோசடி இது. இதில் வைரஸே தேவையில்லை, ஒரு மெயில் போதும்.

எப்படி நடக்கும்? நூல் சப்ளை செய்யும் மில்லோடு ஒரு பின்னலாடை கம்பெனி வழக்கமாக மெயிலில் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் ஏதோ ஒரு மெயில் பெட்டிக்குள் ஹேக்கர் நுழைகிறார். உடனே எதுவும் செய்ய மாட்டார். வாரக்கணக்கில் சும்மா படித்துக்கொண்டே இருப்பார். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் பணம் போகும், 'சார்' என்று எழுதுவார்களா 'அண்ணா' என்று எழுதுவார்களா என்பது வரை தெரிந்துகொள்வார். பணம் போக வேண்டிய நாளுக்கு முன்பு ஒரு மெயில் வரும். 'ஆடிட் நடக்கிறது, இந்த முறை புது அக்கவுன்ட்டுக்கு அனுப்புங்கள்'. மெயில் முகவரியில் ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கும். இல்லையென்றால், ஒரிஜினல் முகவரியிலிருந்தே வந்திருக்கும்.

சின்ன கம்பெனிகள்தான் ஏமாறும் என்று நினைக்க வேண்டாம். லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசாஸ்கஸ் என்பவர், தைவானின் குவான்டா நிறுவனத்தின் பெயரில் போலி பில் அனுப்பி கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2013 முதல் 2015 வரை இது நடந்தது. 2019-ல் அவருக்கு அமெரிக்க கோர்ட் 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. உலகத்துக்கே மெயில் கொடுக்கும் கம்பெனி, மெயிலில் ஏமாந்தது.

2024-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. அரூப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஆபீசில், கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் வீடியோ காலில் கலந்துகொண்டார். தலைமை நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் ஸ்கிரீனில் பேசினார்கள். அவர்கள் சொன்னபடி 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். ஸ்கிரீனில் இருந்த அத்தனை பேரும் ஏஐ மூலம் உருவாக்கப்பட்ட டீப்ஃபேக்.

இதற்கு மருந்து ரொம்ப சிம்பிள். அக்கவுன்ட் நம்பர் மாறினால், மெயிலில் உள்ள நம்பருக்கு இல்லாமல், ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கும் பழைய நம்பருக்கு கூப்பிட்டுக் கேட்க வேண்டும். 'அர்ஜென்ட்' என்று முதலாளியே மெசேஜ் போட்டிருந்தாலும் கேட்க வேண்டும். இங்கேதான் முதலாளிகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. திரும்பக் கேட்ட ஊழியரை 'நான் சொன்னா போட வேண்டியதுதானே' என்று ஒருமுறை திட்டிவிட்டால், அடுத்த முறை அவர் கேட்கவே மாட்டார். ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் மூலம் பணம் அனுப்பும் முன்பு, அந்த அக்கவுன்ட் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர பேங்க்குகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. காசா பணமா, ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்பலாம். கூடவே, மெயில் செட்டிங்ஸில் நீங்கள் போடாத 'ஃபார்வர்டு' ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே நுழையும் ஹேக்கர் பலமுறை முதலில் செய்வது, உங்களுக்கு வரும் மெயிலின் நகல் தனக்கும் வரும்படி வைப்பதுதான்.

கடைசியில் காப்பாற்றுவது எது?

எல்லாம் செய்தும் ஒருநாள் உள்ளே வந்துவிட்டால்? அப்போது கையில் இருக்க வேண்டியது பேக்கப்.

2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கியதை மறந்திருக்க மாட்டோம். ஓபி சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை எல்லாம் கையால் எழுத வேண்டி வந்தது. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டதாகவும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாமல் இருந்ததே காரணம் என்றும் சொன்னது. அதாவது, ஒரு அறைக்குள் வந்தவர் வீடு முழுக்க நடமாட முடிந்திருக்கிறது. ஆனால் பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. நோயாளிகளின் இ-ஹாஸ்பிட்டல் டேட்டாவை அதிலிருந்துதான் மீட்டார்கள். அதன்பிறகும் பெரும்பாலான சேவைகள் திரும்ப இரண்டு வாரம் ஆனது.

இன்னொரு சம்பவம் சினிமாவையே மிஞ்சும். 2017 ஜூன் 27-ல் நாட்பெட்யா வைரஸ் உலகின் பெரிய கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கை தாக்கியது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் டெர்மினல் வரை பாதிப்பு. நெட்வொர்க்கில் யார் யார் உள்ளே வரலாம் என்ற மொத்தக் கணக்கையும் வைத்திருக்கும் 'டொமைன் கன்ட்ரோலர்' சர்வர்கள் மேர்ஸ்க்கிடம் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் தப்பியது. ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டு ஆபீசில். ஏன் தெரியுமா? வைரஸ் பரவும் முன்பே அங்கே கரன்ட் போய், அந்த சர்வர் நெட்வொர்க்கை விட்டே விலகியிருந்தது! அங்கிருந்து இன்டர்நெட்டில் டேட்டாவை அனுப்பினால் நாள்கணக்கில் ஆகும். கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசாவும் இல்லை. ஒருவர் நைஜீரியா வரை ஹார்டு டிஸ்க்கோடு பறந்து, ஏர்போர்ட்டில் இன்னொரு ஊழியரிடம் கொடுக்க, அவர் லண்டனுக்கு கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு 10 நாளில் 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்களை புதிதாக அமைத்ததாக மேர்ஸ்க் தலைவர் சொன்னார். அந்த கம்பெனியைக் காப்பாற்றியது ஒரு பவர் கட்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த சர்வர் தப்பியதற்கு ஒரே காரணம், தாக்குதல் நேரத்தில் அது இணைப்பில் இல்லை. நம்ம ஊரில் பேக்கப் என்று ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை வாங்கி, அதை வருஷம் முழுக்க கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருப்பார்கள். ரான்சம்வேர் வந்தால் சொருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். கூகுள் டிரைவில் தானாக சிங்க் ஆகிறது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் அதே சிக்கல். பூட்டப்பட்ட ஃபைல் அப்படியே மேலேயும் சிங்க் ஆகும். பழைய வெர்ஷனை மீட்கும் வசதி உண்டு என்றாலும் அதற்குக் கால வரம்பு இருக்கிறது.

ஐடி துறையில் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். டேட்டாவுக்கு 3 நகல், 2 வெவ்வேறு வகையான இடங்களில், அதில் 1 வேறு கட்டடத்தில். சின்ன நிறுவனத்துக்கு இதை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்று, கிளவுடில் ஒன்று, தினமும் சாயங்காலம் காப்பி எடுத்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகும் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

அதோடு முடியவில்லை. அந்த பேக்கப் உண்மையிலேயே திறக்கிறதா என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, பழைய பில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆறு மாதமாக காலி ஃபோல்டர்தான் காப்பி ஆகிக்கொண்டிருந்தது என்று தாக்குதல் அன்றைக்குத் தெரிந்து பிரயோஜனம் இல்லை.

கஸ்டமர் டேட்டாவும் புதிய சட்டமும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் முழுமையாக அமலுக்கு வரும். டேட்டாவைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடுகள் செய்யாமல் கசியவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. கசிந்ததை மறைத்தால் 200 கோடி வரை. இது உச்சவரம்புதான், தெருமுனைக் கடைக்கு 250 கோடி போடுவார்கள் என்று அர்த்தமில்லை. தவறின் தன்மை, பாதிப்பின் அளவு எல்லாம் பார்த்துத்தான் தரவுப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்யும்.

கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட கஸ்டமர்களுக்கும் வாரியத்துக்கும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும்.

இதில் ஒரு எளிய வழி இருக்கிறது, தேவையில்லாததை வாங்காமல் இருப்பது. ரூம் புக்கிங்குக்கு வந்த ஆதார் போட்டோ, நகைச் சீட்டில் சேர்ந்தவரின் பான் கார்டு, வேலை கேட்டு வந்தவரின் சர்டிஃபிகேட் எல்லாம் ரிசப்ஷனில் இருப்பவரின் சொந்த வாட்ஸ்அப்பில் வருடக்கணக்கில் கிடக்கின்றன. அந்த போன் தொலைந்தால்? கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே ஃபைலை அவர் இன்ஸ்டால் செய்துவிட்டால்? கையில் இல்லாத டேட்டா கசியாது.

சாஃப்ட்வேர் சப்ளை செய்பவரையும் கேள்வி கேட்க வேண்டும். 2024 ஜூலை 31-ல் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் ரான்சம்வேர் பிரச்னையில் சிக்கியதால், அதை நம்பியிருந்த சுமார் 300 சிறிய பேங்க்குகளின் யுபிஐ, ஏடிஎம் சேவை பாதிக்கப்பட்டது. பிரச்னை பரவாமல் இருக்க என்பிசிஐ அந்த நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்து, மறுநாள்தான் திரும்பக் கொடுத்தது. அந்த பேங்க்குகள் செய்த தப்பு எதுவுமில்லை.

மாட்டிக்கொண்டால் முதல் சில மணி நேரம்

ஃபைல்கள் திறக்காமல், பணம் கேட்டு ஸ்கிரீனில் மெசேஜ் வந்தால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்க வேண்டும், வைஃபையை ஆஃப் செய்ய வேண்டும். மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் அப்படியே. நெட்வொர்க்கைத் துண்டிக்க வழியே இல்லை என்றால் மட்டும் பவரை ஆஃப் செய்யலாம். அவசரப்பட்டு ஃபார்மேட் போடக் கூடாது, தடயம் எல்லாம் அழிந்துவிடும். அந்த மெசேஜை போனில் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். சில வகை ரான்சம்வேர்களுக்கு இலவச சாவி உண்டு. ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் உள்ளிட்டவை நடத்தும் 'நோ மோர் ரான்சம்' இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

பணம் கொடுத்துவிடலாமா? கொலோனியல் பைப்லைன் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தது. பதிலுக்கு வந்த சாவி மிக மெதுவாக வேலை செய்ததால், கடைசியில் தங்கள் சொந்த பேக்கப்பைத்தான் பயன்படுத்தினார்கள். கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை எஃப்பிஐ பின்னர் மீட்டது. அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது.

சைபர் சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. சிஸ்டம் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து, கூடவே பேங்க்கிலும் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுகளுக்குப் பிரிந்து போகும் முன்பு முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. 'காலையில ஆபீஸ் போய் பார்த்துக்கலாம்' என்றால் அதற்குள் எடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று. பேங்க் மேனேஜர், ஐடி ஆள், ஆடிட்டர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் நம்பர் எல்லாம் பூட்டப்பட்ட அந்த கம்ப்யூட்டரிலேயே இருந்தால் அன்றைக்கு யாரைக் கூப்பிடுவது? 1930-ஐயும் சேர்த்து ஒரு பேப்பரில் எழுதி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.